பதினோரு மணிக் கட்டம்

எனக்கு முப்பத்து நான்கு வயதிலேயே ரத்தக்கொதிப்பு வந்ததற்கு டாக்டர் உப்பைக் குறை சொன்னார். உப்பு என்ன பாவம் செய்தது? அவர் சகாயமேரியோடு ஆறு வருஷம் ஒரே லைனில் வேலை பார்த்ததில்லை. நான் பார்த்தேன்.

ஒரகடத்தில், கார் இன்ஜினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ரப்பர் குழாய் செய்கிற கம்பெனி எங்களுடையது. லோகேஷ் என்று கேட்டால் காட்டுவார்கள், அப்போது லைன் லீடர். சகாயமேரி அதே லைனில் செக்கர். நாங்கள் மேரியக்கா என்போம். நான்கு மேசை, மேசைக்கு ஒரு செக்கர். மணிக்கு ஒரு முறை லைனிலிருந்து பத்துக் குழாயை உருவி, வாயில் அளவு பார்க்கும் கேஜ் சரியாக நுழைகிறதா, உள்ளே டார்ச் அடித்தால் வெட்டு ஏதும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, ஷீட்டில் அந்த மணிக்கான கட்டத்தில் இங்கிலீஷில் ‘செக்டு ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஷிப்டுக்கு எட்டுக் கட்டம். வேலை இவ்வளவுதான்.

காலை ஷிப்டு ஆறு மணிக்கு. ஆறேகாலுக்கு டீ வரும். டீ ஆறுவதற்குள் மூன்று மேசைகளில் எட்டுக் கட்டமும் நிரம்பிவிடும், மதியம் இரண்டு மணிக் கட்டம் உட்பட. இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. குழாயைப் பார்க்கத்தானே போகிறோம், எழுத்து வேலையைக் கொஞ்சம் முன்னால் முடித்துவைக்கிறோம், அவ்வளவுதான். நம் ஊரில் எல்லாமே அப்படித்தானே நடக்கிறது? பஸ் எங்கே என்று டிரைவருக்குப் போன் போட்டால் ‘வந்துட்டேன், வந்துட்டேன்’ என்பார். வண்டி செரப்பணஞ்சேரியைத் தாண்டியிருக்காது. ஓட்டலில் ‘தோசை வந்துருச்சு சார்’ என்று குரல் கொடுக்கிறவர், இன்னும் கல்லில் மாவே ஊற்றியிருக்க மாட்டார். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், பிழைப்பு ஓடுகிறது.

மேரியக்காவிடம் மட்டும் ஓடாது. குழாயைக் கையில் எடுக்கும்போது கட்டத்தில் ‘செக்’ என்று மட்டும் எழுதுவார். பத்துக் குழாயையும் பார்த்து முடித்த பிறகுதான் அதன் வாலில் ஈ, டி என்ற இரண்டு எழுத்தையும் ஒட்டுவார். ஈ எழுத்தைத் தூண்டில் முள் மாதிரி அடியில் வளைத்து இழுப்பார். அதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடிப்பேன்.

இதைக் கற்றுக்கொடுத்த புண்ணியவான் எனக்கு முன்னால் இருந்த லீடர். மேரியக்கா வடக்குப்பட்டில் பிறந்து எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செருப்புக் கம்பெனியில் ஏழு வருஷம் அடிப்பாகத்துக்குப் பசை தடவினார். பசை நாற்றம் தலைவலி கொடுத்ததால் எங்கள் கம்பெனிக்கு கான்ட்ராக்டில் பேக்கிங் வேலைக்கு வந்தார். ஒருநாள், மெஷின் நல்லது என்று தள்ளிவிட்ட குழாயைப் பெட்டியில் அடுக்கும்போது உள்ளே விரலை விட்டுப் பார்த்து, “இது அறுந்துகீது சார்” என்று திருப்பிக் கொடுத்தார். அறுந்துதான் இருந்தது. உடனே அவரைச் செக்கர் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். இங்கிலீஷ் தெரியாதே என்று அவர் தயங்கியதற்கு அந்த லீடர், “பார்க்கும்போது செக், பார்த்து முடிச்சா செக்டு, அவ்ளோதான் இங்கிலீஷ்” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, அடுத்த மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். மாட்டிக்கொண்டவன் நான்.

சரி, இங்கிலீஷில்தான் இப்படி என்றால் விட்டுத்தள்ளலாம். வீட்டிலும் அதே கதை. அவர் கணவர் கிறிஸ்துதாஸ் படப்பையில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். வண்டி ஓட்டிய காலத்தில் போனில் ‘வந்துட்டேன் மேரி’ என்றால், “வந்துட்டியா, வந்துகினு கீறியா? ஒண்ணு சொல்லு, அப்பதான் சோறு போடுவேன்” என்பாராம். ஒருமுறை மேரியக்காவின் போனுக்கு, ரேஷனில் துவரம்பருப்பு வாங்கியதற்கு நன்றி என்று மெசேஜ் வந்தது. அவர் வாங்கவில்லை. யாராக இருந்தாலும், போகட்டும் ஒரு கிலோ பருப்பு என்று விடுவார்கள். இவர் மூன்று நாள் ரேஷன் கடைக்கு நடந்தார். நான்காம் நாள் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு பருப்பைக் கொடுத்தபோது, “பருப்பு இருக்கட்டும் சார், மொதல்ல வாங்கலன்னு மாத்துங்க” என்றாராம். இதைக் கிறிஸ்துதாஸ் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். சிரிக்காமல் என்ன செய்வார், கட்டிக்கொண்டாயிற்றே.

பஸ் விஷயம் தனி. ஷிப்டு இரண்டரைக்கு முடியும். இரண்டே முக்காலுக்குக் கம்பெனி பஸ் கிளம்ப வேண்டும். மூன்று மேசைக்காரர்கள் இரண்டரைக்கே பையை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். மேரியக்கா அப்போதுதான் கடைசிக் குழாயில் டார்ச் அடிப்பார். அவர்களில் ஒருத்தி முப்பிடாதி, படப்பை ஹாஸ்டலில் தங்கியிருக்கும் தென்காசிப் பக்கத்துப் பெண், வாசலில் நின்று கத்துவாள். “எக்கா, ஒங்களுக்காண்டி ஒரு பஸ்ஸே நிக்கி! அந்த ரெண்டு எழுத்த நாளைக்கு எழுதக்கூடாதா?”

“நாளிக்கி எழுதுனா நாளிக்கிப் பாத்தேன்னு ஆயிடும்டீ” என்பார் மேரியக்கா, தலையை நிமிர்த்தாமல்.

நாற்பது பேர் பஸ்ஸில் வெந்துகொண்டிருப்பார்கள். திட்டு முழுவதும் எனக்கு. லீடராம் லீடர், ஒரு பொம்பளையை எழுப்பிக் கூட்டிவர முடியவில்லை என்பார்கள். நான் கெஞ்சியிருக்கிறேன், மிரட்டியிருக்கிறேன், வேறு மேசைக்கு மாற்றியிருக்கிறேன். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம்.

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பன்னிரண்டு மணிக்குள் லாரி கிளம்ப வேண்டும், பேக்கிங்கில் இரண்டு பேர் லீவு. நான் மேரியக்காவின் மேசைக்கு ஓடினேன். அப்போதுதான் பதினோரு மணிக் கட்டத்தில் ‘செக்’ எழுதி, முதல் குழாயைக் கையில் எடுத்திருந்தார்.

“அக்கா, அத வச்சிட்டு வா. பொட்டி கட்டணும்.”

“செக் பாதில கீது தம்பி. முடிக்க அரை மணி ஆவும்.”

“அப்புறம் பாத்துக்கலாம்க்கா. லாரி போயிடும், என் தலை போயிடும்.”

வந்தார். மளமளவென்று பெட்டி கட்டினார். அந்த மணி நேரத்துக் குழாய்கள் எல்லாம் லாரியில் ஏறிப் போய்விட்டன. பன்னிரண்டு மணிக்கு அவர் மேசைக்குத் திரும்பியதும் நான் நல்லபடியாகத்தான் சொன்னேன், பதினோரு மணிக் கட்டத்தை முடித்துவிடுங்கள் என்று.

“போன பீச நான் எப்டி தம்பி பாப்பேன்?”

“பாக்க வேணாம்க்கா. எழுதினா போதும்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஏதோ காய்ச்சல்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணிக் கட்டத்தில் ‘செக்’ என்று எழுத ஆரம்பித்தார். பதினோரு மணிக் கட்டம் பாதியிலேயே நின்றது. ஷீட்டை ஃபைலில் போடும்போது நானும் அப்படியே போட்டேன். அந்த ஃபைலை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தார்கள். குழாய் வாங்குகிற கார் கம்பெனியில் ஆறு குழாய்க்குள் வெட்டு இருந்து தண்ணீர் ஒழுகியிருக்கிறது. பெட்டியில் இருந்த தேதி அந்தச் செவ்வாய்க்கிழமை. எங்கள் குவாலிட்டி மேனேஜர் நிலவன் சார் என்னைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை கார் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அந்தத் தேதி ஷீட் நான்கையும் எடுத்து வை என்றார்.

புதன்கிழமை மதியம், எல்லோரும் பஸ்ஸுக்குப் போன பிறகு ஃபைலைத் திறந்தேன். மூன்று ஷீட்டுகள் முத்து முத்தாக இருந்தன. எட்டுக் கட்டத்திலும் ‘செக்டு ஓகே’, ஒரே பேனா, ஒரே சாய்வு. நான்காவதில்தான் ஓட்டை. குழாயைப் பார்த்ததாக எழுதிவைத்தவர்கள் எல்லாம் தப்பித்துக்கொள்வார்கள். பார்க்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி விட்ட இந்த மனுஷி மாட்டப்போகிறார். கான்ட்ராக்ட் ஆளுக்கு விசாரணையெல்லாம் கிடையாது. காலையில் கேட்டில் கார்டைத் தேய்த்தால் பச்சை விளக்கு எரியாது, அவ்வளவுதான். அவர் கணவர் வாலாஜாபாத் ரோட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாக ஆட்டோ எடுக்கவில்லை. மகள் ஜாஸ்மின் பிளஸ் டூ படிக்கிறாள். அந்த வீட்டில் உலை கொதிப்பது இந்த ஒரு கார்டை நம்பித்தான்.

அவருக்காக மட்டும் கவலைப்பட்டேன் என்று சொன்னால் அதுவும் பார்க்காத குழாய்க்கு ஓகே போட்ட கதைதான். ஏன் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். அவர் சொல்லுவார், லீடர் கூப்பிட்டார் என்று. எனக்கும் வேலை வேண்டும்.

நீலப் பேனாவை எடுத்தேன். ஈ எழுத்தின் வாலைத் தூண்டில் முள் மாதிரி வளைத்தேன். டி போட்டேன். பக்கத்தில் ஓகே, அடியில் கையெழுத்து. அசல் மேரியக்காவின் கை மாதிரியே. என் திறமையை நானே மெச்சிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை மீட்டிங் அறையில் வந்தவர்கள் இரண்டு பேர். ஓர் ஆண், லேப்டாப் வைத்திருந்த ஒரு பெண். பெண்தான் பெரியவர் என்று பார்த்ததும் தெரிந்தது. செக்கர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். முப்பிடாதி “எல்லாம் பாத்தேன் சார், ஒண்ணு விடாமப் பாத்தேன்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடினாள். மற்ற இருவரும் அதே பாட்டு.

அந்தப் பெண் ஷீட்டுகளைப் பார்த்துவிட்டு, “எல்லாமே ஓகேன்னா வெட்டு எப்ப வந்ததுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அன்னைக்கு முழு நாள் போன சரக்கையும் திரும்ப எடுத்துப் பிரிங்க” என்றார். நிலவன் சார் முகம் சுருங்கிவிட்டது. முழு நாள் சரக்கு என்றால் நான்கு லாரி. என்னவோ ஆகட்டும், மேரியக்கா தப்பித்தார், நானும் தப்பித்தேன் என்று நான் மூச்சு விட்டேன்.

கடைசியாக மேரியக்கா வந்தார். நிலவன் சார் ஷீட்டை நகர்த்தி, “உங்க ஷீட்தானேம்மா இது?” என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் முடிந்தது. உலகத்தில் வேறு எந்த மனுஷியும் அதைத்தான் சொல்வாள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏழு மணிக் கட்டத்தில் விரலை வைத்தார். எட்டு, ஒன்பது, பத்து. குழாய்க்குள் விரல் விட்டுப் பார்ப்பது மாதிரியே ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தார். பதினொன்றில் விரல் நின்றது. மனசுக்குள் நான் அவருக்குத் தெரிந்த மாதாவையெல்லாம் கூப்பிட்டேன்.

“இது என் எழுத்து இல்ல சார்.”

“எதும்மா?”

“செக் என்னுது. பின்னால கீற ரெண்டு எழுத்தும், ஓகேவும், கையெழுத்தும் என்னுது இல்ல. பதினோரு மணிக்கு நான் ஒரு பீசுதான் கையில எடுத்தேன். அதுவும் பாக்கல. பொட்டி கட்டப் போயிட்டேன்.”

நிலவன் சார் எழுந்தே விட்டார். “என்னம்மா பேசறீங்க? அப்ப இதை யார் எழுதினது?”

இதோ என் பெயர் வரப்போகிறது என்று நான் தரையைப் பார்த்தேன். அவருக்குத் தெரியாமல் இருக்காது. அவரைக் கெஞ்சியவன் நான். ஃபைல் சாவி வைத்திருப்பவன் நான். அறையில் நான் நின்ற இடத்தை மட்டும் பார்க்காமல் அவர் சுவரைப் பார்த்தார்.

“யார் எழுதுனாங்கன்னு நான் பாக்கல சார். பாக்காதத எப்டி சொல்றது?”

எரிச்சல் என்றால் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. என் பெயரைச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். சத்தியமாக மறுத்திருப்பேன். இது என்ன பிழைப்பு? தன் வேலையையும் காப்பாற்றிக்கொள்ளாமல், என்னையும் காட்டிக்கொடுக்காமல், எனக்கு மறுக்கவும் ஒன்றும் மிச்சம் வைக்காமல். பொட்டி கட்டப் போனதற்கு யார் கூப்பிட்டது என்றுகூட அவர் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் அதைக் கேட்கவில்லை. நிலவன் சார், “அப்ப நீங்க வேலைய விட்டுட்டுப் போயிருக்கீங்க, அதானே? நாளைல இருந்து...” என்று ஆரம்பித்தார்.

“நான்தான் சார் எழுதினேன்” என்றேன். “நான்தான் அவங்களக் கூப்ட்டேன்.”

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அந்தப் பெண் லேப்டாப்பை மூடிவிட்டு, என்னையும் மேரியக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மற்ற மூன்று ஷீட்டுகளையும் ஒன்றாக அடுக்கித் தள்ளி வைத்தார். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கட்டிய பெட்டிகளை முதலில் பிரிக்கச் சொன்னார். அதில்தான் இருந்தது. குழாய் அறுக்கும் மெஷினில் பிளேடு மாற்றியபோது நுனி உடைந்து, அடுத்த பிளேடு மாட்டும்வரை அந்த ஒரு மணி நேரக் குழாய்களை மட்டும் கீறியிருக்கிறது. நான்கு லாரி சரக்கையும் பிரிக்கிற வேலை தப்பியது.

இதற்கு மேரியக்காவுக்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். மறுநாள் கேட்டில் அவர் கார்டுக்குப் பச்சை எரியவில்லை. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார். ஒன்பது நாள் அவர் வீட்டில் இருந்தார். நான்காவது நாள் மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். நடக்க ஆரம்பித்திருந்த கிறிஸ்துதாஸ் காபி கொடுத்தார். மேரியக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“நீ ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமாக்கா?” என்று கத்தினேன். சமாதானம் சொல்லப் போனவன் கத்தினேன்.

“அந்தக் கார்ல குடும்பத்தோட போறவன் நடுரோட்ல நின்னா?” என்றார். பிறகு, “உன்ன லீடர்லேர்ந்து எறக்கிட்டாங்களாமே தம்பி” என்று அழுதார். எனக்காக அழுதார். நான் காபியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பத்தாம் நாள் பச்சை எரிந்தது. கார் கம்பெனிப் பெண் எழுதிய ரிப்போர்ட்டில், அந்தத் தேதியில் நம்பக்கூடியதாக இருந்தது அந்த ஒரு ஷீட்டின் ஏழு கட்டம்தான் என்று இருந்ததாம். நிலவன் சாருக்கு வேறு வழியில்லை. ஆனால் அவர் சும்மா இருப்பாரா? இனி கையெழுத்து மோசடிக்கே இடமில்லாதபடி புது ஷீட் அச்சடித்தார். எட்டுக் கட்டத்திலும் ‘செக்டு ஓகே’ முன்கூட்டியே பிரிண்ட் ஆகியிருக்கிறது. நாம் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் சுவரில் முட்டிக்கொள்ளவில்லை, அது மட்டும்தான் பாக்கி.

மறுநாள் மேரியக்கா, ஜாஸ்மினின் ஸ்கேல் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆறேகால் டீ வந்தபோது, ஸ்கேலை வைத்து எட்டுக் கட்டத்திலும் அச்சடித்த ஈ, டி, ஓகே எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்தார். பிறகு ஏழு மணிக்கு முதல் குழாயை எடுத்தார். பத்தையும் பார்த்து முடித்து, அடித்த எழுத்துகளுக்கு மேலே தன் கையால் தூண்டில் முள்ளை வளைத்தார்.

நான் இப்போது பக்கத்து மேசையில் செக்கர். முதல் நாள் வழக்கப்படி எட்டுக் கையெழுத்தையும் போட்டுவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். ஒன்று போட்டேன். இரண்டாவதற்குக் கை வரவில்லை. சனியன், வரவே இல்லை. மேரியக்கா தன் வேலையைப் பார்த்துக்கொண்டே ஸ்கேலை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அன்று இரண்டரைக்கு லைனில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். முப்பிடாதி வாசலில் நின்று “ஒண்ணு ரெண்டாயிட்டு, வெளங்குனாப்லதான்!” என்று கத்திவிட்டுப் போனாள். என் கையில் ஆறாவது குழாய். போன் அடித்தது. பஸ் டிரைவர்.

“இன்னா லோகேசு, வந்துட்டீங்களா?”

“இல்லண்ணே” என்றேன். “இன்னும் வரல. ரெண்டு மணி செக்கு பாதில கீது. பாத்துகினு கீறோம்.”

அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. அத்தனையும் ஆறு வருஷமாக மனசுக்குள் நான் மேரியக்காவைத் திட்டியதுதான், ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஏழாவது குழாயை எடுத்தேன்.